அரியர் பேப்பர்

ஊரில் எல்லோரும் நினைப்பதுபோல்
என் தங்கை மெரிட்டா
டாக்டருக்குப் படிக்கவில்லை.

ருஷ்யாவில் ஸ்துதினோகோர்ஸ்க் என்று ஒரு மந்திரப் பள்ளி.
"ஸ்துதின்னு தொடங்குத ஊரு, மோசம் போவாது"
என்று அம்மா கையெழுத்துப் போட்டாள்.
கல்விக்கடன் படிவத்தில்
பாடப்பிரிவு என்ற கட்டத்துக்குள்
'பொது' என்று எழுதினேன்.

அங்கே விடுதியில்
இரவு ஒன்பதுக்கு வார்டன் வந்து
ஆட்களை எண்ணுவதில்லை, நிழல்களை எண்ணுவாராம்.
நிழலைக் கட்டிலில் போட்டுவிட்டு
சினிமாவுக்குப் போகிறவர்கள் உண்டு.
மூன்று வேளையும் ஒரு பழுப்புக் கஞ்சி.
அறைக்கொரு கணப்பு அடுப்பு,
அது விறகில் எரியாது, பொய்யில் எரியும்.
நாலு பேரும் முறைவைத்துச் சொல்ல வேண்டும்.
புரியாத்தியாக்காரி துல்மாவின் பொய்
பத்து நிமிடத்தில் அணைந்துபோகும்.
மெரிட்டா ஒன்றுதான் சொல்வாள்,
அம்மாவிடம் போனில் சொன்னதையே:
இன்றைக்குப் பிணம் அறுத்தோம், எனக்குப் பயமே இல்லை.
விடியும்வரை எரியுமாம்.

இந்த ஆனியில் லீவுக்கு வந்தாள்.
வந்த அன்றே எக்ஸ்ரே கவரோடு ஏழு பேர்.
சுகர் மாத்திரையைப் பாதியாக்கலாமா என்று
உபதேசியார் கேட்டார்.
"காலையில நடங்க" என்றாள்.
அது பொய்யில்லை.

ராத்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
"அண்ணே, ஒரு பேப்பர் போச்சு."
காற்றைப் பெயர் சொல்லி அழைத்தல், இரண்டாமாண்டு.
அவர்கள் மொழியில் ஓர் எழுத்து,
சத்தமே கிடையாது அதற்கு,
முன்னால் நிற்பதை இளக வைக்கும், அவ்வளவுதான்.
அந்த இளக்கம் இவள் நாக்குக்கு வரவில்லை.
அதுவும்
மூச்சு வெள்ளையாய்த் தெரிகிற குளிரில் சொன்னால்தான் பலிக்கும்.
செப்டம்பரில் மறுதேர்வு.
குளச்சலில் எங்கே போய்
மூச்சைப் பார்ப்பது?

நான் ஐஸ் பிளாண்டில் நைட் ஷிப்ட்.
தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடக்க
வள்ளக்காரர்களுக்காக ஒரு தொட்டி மட்டும் ஓடியது.
முதலாளி கொல்லத்தில்.
பாளங்கள் அடுக்கிய அறையில், அமோனியா நெடியில்,
என் மழைக்கோட்டுக்குள் நின்று
பதினொரு ராத்திரி சொல்லிப் பார்த்தாள்.
ஆவி வந்தது, கலைந்தது.
ஒருமுறை கொஞ்சம் நின்றது.
"கோழியா பிள்ளே?" என்றேன்.
அழுதுவிட்டாள்.

பன்னிரண்டாம் ராத்திரி அவளுக்கு ஜலதோஷம்.
மூக்கடைப்பில்
அந்தச் சத்தமில்லாத எழுத்து
தானாக இளகிவிட்டது.

வந்தது,
வடக்குச் சுவர் வழியாக.

வெளியே வலை முடைந்துகொண்டிருந்த கிளீட்டஸ் மாமா
"ஆடியில வாடையாலே?" என்று
துண்டைத் தலையில் சுற்றினார்.
நாய்கள் சுருண்டன.
துறைமுகத்துக் கச்சான்
ஒரு நிமிடம் ஒதுங்கி வழிவிட்டது.
மெரிட்டா பல் தந்தியடிக்கச் சிரித்தாள்.
"செரி, இனி அனுப்பு" என்றேன்.
தும்மினாள்.
"அனுப்புறது மூணாம் வருஷப் பாடம்."

செப்டம்பரில் எழுதினாள், பாஸ்.
காற்று இங்கேதான் இருக்கிறது.

கம்ப்ரஸரை நிறுத்தினாலும் தண்ணீர் பாளமாகிறது.
கரண்ட் பில் பாதி.
முதலாளிக்கு மீட்டர்மேல் சந்தேகம்.
ராத்திரியானால்
வடக்குச் சுவரை ஒட்டி நிற்கும்,
அங்கே தொங்கும் சாக்கு மட்டும் புடைத்திருப்பதால் தெரியும்.
அதன் பெயர் எனக்கு வராது.
'வாடை' என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை.
'வாடே' என்றேன்,
வந்து கழுத்து உப்பை நக்கியது.

மூன்றாமாண்டுக் கட்டணம் நாலு லட்சத்து இருபதாயிரம்,
இன்றைக்குள்.
சீட்டுப் பணம் சட்டைப் பையில் இருக்கிறது.
பாங்க் பத்து மணிக்கே திறந்திருக்கும்.
மணி இப்போது பதினொன்றரை.
ஷிப்ட் முடிந்தும் நான் கிளம்பவில்லை,
முதுகில் அது சாய்ந்திருக்கிறது.